ஆமை வண்டிக்கு 20டபிள்யூ-50 எண்ணெய்: இரண்டு கோடைகளின் கணக்கு

என் வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டுமென்றால் முன்மூடியைத் திறக்க வேண்டும். திறந்ததும் பங்க்கில் நிற்கிற பையன் உள்ளே எட்டிப் பார்ப்பான். ஸ்டெப்னி இருக்கும், டாங்க் இருக்கும், என்ஜின் இருக்காது; அது பின்னால் இருக்கிறது. "அண்ணாச்சி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவனே விழிப்பான். இது காற்றால் குளிரும் என்ஜின், இந்த வண்டிக்கு ரேடியேட்டரே கிடையாது என்று சொன்னால் பாளையங்கோட்டை வெயிலில் யாரும் நம்புவதில்லை.

வண்டி 1966-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1300 மாடல், 1285 சிசி. கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பா, கடையை மூடிக்கொண்டு ஊர் திரும்பியபோது தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறக்கியது. தெருவில் எல்லோருக்கும் இது ஆமை வண்டி. நான் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மெக்கானிக் இல்லை. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத புத்தி அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே இங்கே எழுதுவது காஸ்ட்ரால் ஜி.டி.எக்ஸ் 20டபிள்யூ-50 எண்ணெயை இரண்டு கோடைகள் ஓட்டிப் பார்த்த கணக்கு. கூடவே பெட்ரோல் பற்றிய ஒரு சண்டையும் வரும்.

இந்த என்ஜினில் எண்ணெய்க்கு இரட்டை வேலை. மற்ற கார்களில் சூட்டைத் தண்ணீர் சுமக்கும். இதில் காற்றுக்கு அடுத்தபடி அந்தச் சுமை எண்ணெயின் தலையில். மின்விசிறி அனுப்பும் காற்றின் வழியிலேயே எண்ணெய்க் குளிர்விப்பான் நிற்கிறது. இவ்வளவு வேலைக்கும் உள்ளே இருப்பது மொத்தமே இரண்டரை லிட்டர். அதை வடிகட்டக் காகித ஃபில்டர்கூட இல்லை, அடியில் ஒரு கம்பி வலை மட்டும்தான். இரண்டரை லிட்டர் எண்ணெயை வைத்துக்கொண்டு அக்னி நட்சத்திரத்தில் அம்பாசமுத்திரம் சாலையில் போகிறவன் அந்த எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படத்தான் வேண்டும்.

முதலில் நான் ஏமாந்தேன். பளபளப்பான ஒரு கடையில் 5டபிள்யூ-30 முழு சிந்தெட்டிக் கொடுத்தார்கள். விலை கேட்டு மூச்சு நின்றது. "உங்கள் புத்தகத்தில் எஸ்.ஏ.இ. 30 என்றுதானே போட்டிருக்கிறது, இதுவும் 30தானே" என்றார் கடைக்காரர். வாதம் சரியாகத்தான் பட்டது. வாங்கி ஊற்றினேன். சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றபோது ஸ்பீடாமீட்டருக்குள் இருக்கும் பச்சை விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தது. அது எண்ணெய் அழுத்தம் குறைவதைச் சொல்லும் விளக்கு. பச்சை நிறத்தைப் பார்த்து "எல்லாம் நலம்" என்று நினைத்த நண்பர் ஒருவரும் அப்போது வண்டியில் இருந்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பிழை புரிந்தது. எண்ணெய்ப் பெயரில் டபிள்யூவோடு வரும் எண் குளிருக்கு, பின்னால் வரும் எண் சூட்டுக்கு. 30 என்ற எண் நூறு டிகிரி செல்சியசில் எண்ணெயின் கனத்தை, அதாவது ஓடாமல் பிடித்து நிற்கும் குணத்தைச் சொல்கிறது: அதற்கான அலகில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. ஜெர்மனிக் குளிரை மனத்தில் வைத்து எழுதிய புத்தகத்துக்கு அது போதும். எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் துளை வழியாக நான் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி ஒன்றை இறக்கிப் பார்த்தேன். மே மாத மதியத்தில், நான்குவழிச் சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில், 114 டிகிரி. அந்தச் சூட்டில் 30 இன்னும் நீர்த்துப்போகும். ஐம்பதாண்டுக்கு மேல் தேய்ந்த பேரிங் இடுக்குகளில் அது நிற்காது. 50 என்ற கனம் நூறு டிகிரியில் 16.3 முதல் 21.9 வரை. அல்வா கிண்டுகிறவர்கள் கரண்டியைத் தூக்கிப் பார்த்துப் பதம் சொல்வார்கள். அந்தக் கண்ணால் சொன்னால் 20டபிள்யூ-50 சூட்டிலும் இழை விட்டு இறங்குகிறது, மற்றது தண்ணீர்போல ஓடிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் தண்டின் மேல் உருளை கிடையாது, தட்டையான டேப்பெட் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலுக்குத் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்க்கைப் பொருள்தான் காவல். புதிய கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. எஸ்.என். தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். 20டபிள்யூ-50க்கு அந்தக் கட்டு இல்லை. என் வண்டியில் கன்வெர்ட்டரும் இல்லை. பின் எதற்கு நான் அதன் பத்தியத்தை இருக்க வேண்டும்?

நடுவில் லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 ஒரு தடவை போட்டேன். டிராக்டர் சாமான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, மோசமும் இல்லை. விளக்கு ஒரே முறைதான் மின்னியது. ஐப்பசி முதல் தை வரை ஓட்டுகிறவர்களுக்கு அதுவே போதும் என்பேன்.

20டபிள்யூ-50 போட்ட பிறகு விளக்கு எரியவே இல்லை. ஆனி மாதம் நாகர்கோவிலுக்குப் போனேன். முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் முழு மூச்சில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேர் எதிரே அடித்தது. வண்டி மூன்றாவது கியரை விட்டு மேலே போகவில்லை. எண்ணெய்ச் சூடு 118 காட்டியது. அஞ்சினேன். ஆனாலும் தோவாளையில் பூ வாங்க நிறுத்தியபோது ஐட்லிங் ஒரே சீராக இருந்தது. கனத்த எண்ணெய் குளிரில் சிரமம் தரும், அழுத்த வால்வைத் திறந்துகொண்டு குளிர்விப்பானைச் சுற்றிப் போய்விடும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எச்சரிப்பது உண்மைதான். நம் ஊரில் மார்கழி விடியலிலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த எச்சரிக்கை ஊட்டிக்காரர்களுக்கு.

இனி பெட்ரோல். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடினாலே நூறு ஆக்டேன் பேச்சு வந்துவிடுகிறது. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் என்று நினைக்கிறார்கள். அது, அமுக்கும்போது தானாக வெடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் குணம், அவ்வளவுதான். என் என்ஜின் பெட்ரோல்-காற்றுக் கலவையை அமுக்குவது 7.3 மடங்கு. இன்றைய கார்கள் பத்துக்கு மேல். 91 ஆக்டேனுக்கே சமத்தாக ஓடுகிற வண்டிக்கு ஏகப்பட்ட விலை கொடுத்து நூறு ஊற்றுவது, சர்க்கரை இல்லாதவனுக்கு இன்சுலின் போடுவது மாதிரி. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோதும், ஈயம் இல்லாவிட்டால் வால்வு உட்காரும் இடம் தேய்ந்துவிடும் என்று இப்படித்தான் பயமுறுத்தினார்கள். இதன் அலுமினிய ஹெட்டில் அந்த இடத்தில் எஃகு வளையம் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

உண்மையான தொல்லை எத்தனால். பழைய தொழில் பாசத்தில் நூறு மில்லி அளவு உருளையில் பத்து மில்லி தண்ணீர் விட்டு, நூறு கோடு வரை பங்க் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வைத்தேன். அடியில் நின்ற தண்ணீர் 27 கோட்டுக்கு ஏறியிருந்தது. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு ஓடிப்போய்விட்டது. ஏறக்குறைய இருபது சதவீதம், அரசு சொல்கிற இ20 அளவேதான். குறை சொல்ல எனக்கு இடமில்லை. ஆனால் எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருப்பதால் கலவைக்கு எரிபொருள் பற்றாமல் போகிறது, என்ஜின் கூடுதலாகச் சுடுகிறது. காற்றால் குளிரும் வண்டிக்கு அது ஆகாது. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட் 125 இருந்தது, 130 போட்டேன். துளையின் பரப்பில் எட்டு சதவீதம் கூடுகிறது, இ20 கேட்பதும் ஏறத்தாழ அதுதான். சூடு நான்கு டிகிரி இறங்கியது.

ஜெட்டைவிட முக்கியம் பெட்ரோல் குழாய். துணி சுற்றிய பழைய ரப்பர் குழாயை எத்தனால் ஊற வைத்து விரிசல் விட வைக்கும். என் வண்டியில் என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வால் அருகே விரல் வைத்தால் ஈரம் பிசுபிசுத்தது. இந்த என்ஜினின் உறை மக்னீசியக் கலவை. ஆய்வுக்கூடத்தில் மக்னீசிய நாடா எரிந்ததைப் பார்த்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மறுநாளே 30ஆர்9 என்று அச்சிட்ட ஃபுளூரோ ரப்பர் குழாயாக முழுவதும் மாற்றினேன். ஆக்டேனுக்குச் செலவழிக்க நினைக்கிற பணத்தை இதற்குச் செலவழியுங்கள்.

எண்ணெயில் குறையே இல்லையா என்றால், உண்டு. ஒழுகுகிறது. மெல்லிய எண்ணெயைவிடக் குறைவுதான், இருந்தாலும் திண்ணை ஓரத்தில் காலையில் இரண்டு பொட்டு இருக்கும். வெயிலில் நெடுந்தூரம் ஓடினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு இருநூறு மில்லி குடிக்கிறது. நான் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஃபில்டர் இல்லாத வண்டிக்கு அதற்குமேல் இழுக்க மனம் வரவில்லை. மாற்றும்போது கம்பி வலையை மூடும் அடித்தட்டின் ஆறு நட்டுகளையும் வெறும் ஏழு நியூட்டன்-மீட்டருக்கு மேல் முறுக்காதீர்கள், மக்னீசியத்திலிருந்து ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வலையின் இருபுறமும் போடும் காஸ்கெட் நம் ஊரில் கிடைப்பதில்லை. ஒருமுறை அவசரத்துக்கு மருமகன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் போட்டேன். முகூர்த்த நேரம் வரைகூடத் தாங்கவில்லை.

எண்ணெய்க்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணை ஒழுகலுக்காகக் குறைத்தேன். அது எண்ணெயின் குற்றமா வண்டியின் குற்றமா என்று பெரியப்பா இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். இன்னொன்றைக் கடைக்காரர்களுக்காக. எல்லோரும் பெரிய டப்பாவைத்தான் நீட்டுகிறார்கள், எனக்குத் தேவை இரண்டரை லிட்டர். கொட்டிலில் ஆறு டப்பாக்கள் கால்வாசி எண்ணெயோடு வரிசையாக நிற்கின்றன. ஆடி பிறந்ததும் குற்றாலம் போவதற்கு முன் அவற்றை ஒன்றாக்கி ஊற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.