தேயிலைத்தூளில் சாயம்: தண்ணீரா, சுண்ணாம்பா, ஆய்வகமா?

டீ நல்ல செம்பு நிறத்தில் வந்தால் "ஸ்ட்ராங்கா இருக்கு" என்று மெச்சிக் குடிக்கிறோம். இந்தியாவில் தேயிலையில் செயற்கை நிறம் துளியும் சேர்க்க அனுமதி இல்லை. ஆனாலும் கொதித்து முடிந்த சக்கையைக் காயவைத்து, சாயமேற்றி, மறுபடி விற்கும் வேலை நடக்கத்தான் செய்கிறது.

எல்லோரும் சொல்வது பச்சைத்தண்ணீர் சோதனை. தண்ணீரில் தூளைத் தூவினால் சாயம் உடனே இறங்கும், நல்ல தூள் நிதானமாக நிறம் விடும். காசு செலவில்லை. ஆனால் "உடனே" என்பது எத்தனை நொடி? மாவுபோல இருக்கும் டஸ்ட் ரகம் கலப்படம் இல்லாமலே சீக்கிரம் நிறம் விடும். இதை மட்டும் நம்பிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தூளை வடிதாளில் பரப்பி நனைத்து, பிறகு கழுவிவிட்டுக் கறை தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது இதைவிடப் பரவாயில்லை.

என் ஓட்டு சுண்ணாம்புக்கு. கண்ணாடித் துண்டில் சுண்ணாம்பைத் தடவி, மேலே கொஞ்சம் தூளைத் தூவுங்கள். தார்ச் சாயம் (நிலக்கரித் தாரிலிருந்து வரும் செயற்கைச் சாயம்) இருந்தால் சிவப்போ ஆரஞ்சோ பரவும். நல்ல தூள் என்றால் சற்று நேரம் கழித்து இளம் பச்சை மஞ்சள்தான் தெரியும். வெற்றிலைக்கடை ரோஸ் சுண்ணாம்பு வேண்டாம், அதிலேயே நிறம் கலந்திருக்கும்!

காந்தத்தைத் தூளில் ஓட்டிப் பார்ப்பது வேறு கதை. அது சாயத்தைக் காட்டாது, இரும்புத்துகளைக் காட்டும். ஆலையில் இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. உருளைகள் தேய்ந்தும் கொஞ்சம் இரும்பு சேரும் என்பதால், நாலு துகள் ஒட்டியதுமே மோசடி என்று சொல்லிவிட முடியாது.

எந்தச் சாயம் என்று பெயர் சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும். வடிநீரில் அமிலம் சேர்த்து வெள்ளைக் கம்பளி நூலைக் கொதிக்கவிடுவார்கள். செயற்கைச் சாயம் நூலைப் பற்றிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுத்து, தெரிந்த சாயங்களோடு தாளில் ஓடவிட்டு ஒப்பிடுவார்கள். வீட்டில் தப்பிக்கும் பழுப்புச் சாயமும் இங்கே மாட்டும்.

கிண்டி, மதுரை, கோவை, சேலம், தஞ்சை, பாளையங்கோட்டையில் அரசு ஆய்வகங்கள் உள்ளன. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். தூள் சட்டப்படி இல்லை என்று ஆய்வறிக்கை சொன்னால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரே சிக்கல், சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் அவர் அதே டப்பாவிலிருந்துதான் அள்ளுவாரா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.