இத்தாலிய முன்னோரைத் தேட அந்தெனாத்தி இணையதளம்: ஒரு மதிப்புரை

இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஆவணக் காப்பக இயக்ககம் 2011ஆம் ஆண்டிலிருந்து நடத்திவரும் அந்தெனாத்தி என்னும் இணையதளம், அந்நாட்டின் மாகாணங்கள்தோறும் உள்ள அரசு ஆவணக் காப்பகங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் கட்டணமின்றியும் கணக்குத் தொடங்காமலும் படிக்கும்படி வைத்திருக்கிறது. வம்சாவளி தேடுவதற்குச் சந்தா வாங்கும் தளங்கள் பல இருந்தாலும், இத்தாலிய முன்னோரைத் தேடுபவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பவர் இதில் பெரும்பாலும் ஏமாந்துபோவார். பதிவேட்டைத் திறந்து ஆண்டுவாரியாகப் படிக்க ஆயத்தமாக இருப்பவருக்கோ, ஒரு சாதாரண உழவர் குடும்பத்தின் இருநூறு ஆண்டு வரலாறு பெயரோடும் தொழிலோடும் கிடைக்கும்.

என் மருமகளின் தாய்வழி முன்னோர் சலேர்னோ மாகாணத்து மலையூர் ஒன்றிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்குக்குக் கப்பலேறியவர்கள். அவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்ததோ ‘நாபொலி’, அதாவது நேப்பிள்ஸ், என்ற ஒரே சொல்தான். 1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் மிகப் பலருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது கப்பல் புறப்பட்ட துறைமுகத்தின் பெயரே தவிர, பாட்டன் பிறந்த ஊரின் பெயர் அன்று. அந்தெனாத்தியில் ஊர்ப் பெயர் தெரியாமல் ஓரடியும் நகர முடியாது என்பதால், அதைத் திறப்பதற்கு முன்பே அக்கரையில் தேடிவிடுவது நல்லது. அமெரிக்காவுக்குச் சென்றவர்களென்றால், நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவின் பயணியர் பட்டியல்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய பட்டியல்களில், பயணியின் பிறந்த ஊரும், அவர் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டு எழுதப்பட்டன. தீவிலிருந்த அதிகாரிகள்தாம் குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். உண்மையில் அந்தப் பட்டியல்கள் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தின் எழுத்தர்களால் எழுதப்பட்டவை. தீவில் அவற்றைச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. ஆகையால் பெயரின் மூல எழுத்து வடிவம் பட்டியலிலேயே இருக்க வாய்ப்புண்டு.

ஊர் தெரிந்த பிறகு தளத்தில் இரண்டு வழிகள் உண்டு. பெயரால் தேடுவது ஒன்று. அதற்குரிய அட்டவணை, ஏற்றப்பட்டுள்ள பதிவேடுகளில் ஒரு பகுதிக்கே உருவாக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்தைப் படித்துத் தொகுக்கப்பட்டது என்பதால் குடும்பப் பெயரின் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் ஆள் அகப்படமாட்டார். எனவே ‘முடிவுகள் இல்லை’ என்று தளம் சொல்வதை அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாகாணத்து ஆவணக் காப்பகத்தைத் தேர்ந்து, அதன்கீழ் கொமூனே எனப்படும் உள்ளாட்சியை, பிறகு ஆண்டை, பிறகு பதிவு வகையைத் தேர்ந்து இறங்கிச் செல்வது இரண்டாவது வழி. நான் நம்புவது இதையே. ஒவ்வோர் ஆண்டுப் பதிவேட்டின் இறுதியிலும் பெரும்பாலும் ஒரு பெயர் அட்டவணை இருக்கும். சில ஊர்களுக்குப் பத்தாண்டு அட்டவணையும் தனியே உண்டு. பழைய அட்டவணைகளில் சில, குடும்பப் பெயரின்படி அல்லாமல் இட்ட பெயரின் அகர வரிசையில் அமைந்திருக்கும் என்பதை அறியாதவர், இல்லை என்று முடிவுகட்டி மூடிவிடுவார். ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கின்றன. இன்றைய அக்ரிஜெந்தோ நகரம் 1927 வரை ஜிர்ஜெந்தி என்றே வழங்கியது. பெயர்த் தேடலுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருவேன். பதிவேடுகளுக்கு ஐந்தையும் தருவேன்.

பதிவேட்டைப் படிப்பது முதலில் மலைப்பாகத் தோன்றினாலும், மொழி தெரியாதவரும் பழகிக்கொள்ளக்கூடியதே. நெப்போலியன் ஆட்சியில் அச்சிட்ட படிவம் வந்துவிட்டதால், ஒரே வாசகம் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருகிறது; நாம் படிக்க வேண்டியது இடைவெளிகளில் கையால் நிரப்பியதை மட்டுமே. ஆண்டும் நாளும் வயதும் எண்களாக அல்லாமல் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும் என்பதால், ஒன்று முதல் நூறு வரையிலான இத்தாலிய எண்ணுப்பெயர்களையும் மாதப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிறப்புப் பதிவில் தந்தையின் வயது, தொழில், குடியிருந்த தெரு, தாயின் பெயர், இரு சாட்சிகளின் விவரம் ஆகியவை இருக்கும். தெற்கிலிருந்த இரு சிசிலி அரசின் படிவங்கள் இரண்டு பத்திகளாக அமைந்தவை. பிறப்புப் பதிவில் இடப்பக்கம் அரசு அலுவலரின் குறிப்பும் வலப்பக்கம் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) நாளும் இருக்கும். திருமணப் பதிவில் இடப்பக்கத்தில் இருப்பது, மணமக்கள் அலுவலர் முன் அளித்த உறுதிமொழியின் நாள். தேவாலயத்தில் மணம் நடந்த நாள் வலப்பக்கத்தில் இருக்கிறது. இணையத்தில் உலவும் பல குடும்ப மரங்களில் முதல் நாளையே திருமண நாளாக எழுதிவைத்திருப்பதைப் பார்க்கிறேன்.

பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயராலேயே பதிவாகியிருப்பது இத்தாலியப் பதிவேடுகளின் பெருஞ்சிறப்பு. வேறு பல நாடுகளின் ஆவணங்களில் மணமானதும் மறைந்துபோகும் தாய்வழி இங்கே அறுபடாமல் தொடர்கிறது. இது வேறொரு வகையிலும் நமக்குக் கைகொடுக்கிறது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும் அடுத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடும் வழக்கம், குறிப்பாகத் தெற்கில், உறுதியாக இருந்ததால், ஒரு சிற்றூரில் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்ட பங்காளிகள் ஒரே காலத்தில் பலர் இருப்பார்கள். பெயரும் ஏறக்குறைய வயதும் பொருந்துகின்றன என்று அவசரப்பட்டு ஒருவரைக் குடும்ப மரத்தில் ஏற்றினால், அதற்கு மேலுள்ள தலைமுறைகள் யாவும் வேற்றாருடையவை ஆகிவிடும். தாயின் முழுப்பெயர் பொருந்தும்வரை எந்தப் பதிவையும் ஏற்கக் கூடாது.

இத்தளத்தின் உண்மையான பொக்கிஷம் என்று நான் கருதுவது, பலர் திறந்தே பார்க்காத திருமண இணைப்பு ஆவணங்களை. பதிவு வகைகளின் பட்டியலில் இவை அல்லெகாத்தி என்றும், தெற்கத்திய மாகாணங்களில் புரொச்செஸ்ஸெத்தி என்றும் குறிக்கப்பட்டிருக்கும். மணமக்கள் அலுவலரிடம் ஒப்படைத்த சான்றுகள் யாவும் ஒரு கட்டாக இங்கே சேர்ந்துள்ளன: இருவரின் பிறப்புச் சான்றுகள், மண அறிவிப்புகள், மறுமணமென்றால் முந்தைய துணையின் இறப்புச் சான்று. மணத்துக்குத் தந்தையின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொன்னதால், தந்தை உயிரோடு இல்லாதபோது அவருடைய இறப்புச் சான்றையும், சம்மதம் சொல்லும் உரிமை அடுத்துப் பாட்டனைச் சேரும் என்பதால், அவரும் இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்றையும் இணைக்க வேண்டியிருந்தது. தெற்கு இத்தாலியின் தரைப்பகுதியான நாபொலி அரசில் அரசுப் பதிவு தொடங்கியது 1809இல், சிசிலியில் 1820இல். அதற்கு முந்தைய பிறப்பையும் இறப்பையும் ஊர்த் தேவாலயத்தின் குருவான பங்குத்தந்தையே தம் ஏட்டிலிருந்து படியெடுத்துத் தரவேண்டியிருந்தது. அதனால் 1820களில் நடந்த ஒரு திருமணத்தின் கட்டைப் பிரித்தால், 1790களில் இறந்த ஒரு பாட்டனின் பெயர் வந்து நிற்கும்; அரசுப் பதிவே இல்லாத காலத்துக்குள் அரசு ஆவணத்தின் வழியாகவே நுழைந்துவிடுகிறோம். என் மருமகளின் தாய்வழிக் குடும்பத்தில் எவருக்கும் தெரிந்திராத இரண்டு தலைமுறைகள் இப்படித்தான் கிடைத்தன. அந்தப் பெயர்களை அவள் தன் தாயிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது நானும் உடனிருந்தேன், இந்த வேலைக்குச் செலவிட்ட மாலைகள் அனைத்துக்கும் அதுவே போதும் என்று தோன்றியது.

படங்களைப் பார்க்கும் கருவி நன்று. பெரிதாக்கலாம், எழுத்தின் வளைவுவரை தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத இணைப்பு முகவரி ஒன்று உண்டு; அதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளில் பெரியது, நாட்டின் எல்லாப் பகுதிகளும் இங்கே ஒரேயளவில் இல்லை என்பது. பதிவேடுகள் ஏறி முடியாத மாகாணங்கள் இருக்கின்றன. இருக்கும் ஊர்களிலும் இடையிடையே ஆண்டுகள் விடுபட்டிருக்கும். இது தளத்தின் குறை மட்டுமன்று, இத்தாலி ஒரே நாடாவதற்கு முன் பல அரசுகளாக இருந்ததன் விளைவும்கூட. தெற்கத்தியருக்கு 1809இலிருந்து தொடர்ச்சியாகக் கிடைப்பது, வெனெத்தோ பகுதியினருக்கு 1871இலிருந்துதான் கிடைக்கும். ஆஸ்திரிய ஆட்சியில் அங்கே பங்குத்தந்தையரே பதிவாளர்களாக இருந்தார்கள். பியெமோந்தேயில் பிரான்சோடு இணைக்கப்பட்டிருந்த காலத்துப் பதிவேடுகள் பிரெஞ்சு மொழியில் உள்ளன. 1805 இறுதிவரையிலான நாள்கள் பிரெஞ்சுப் புரட்சிக் கால நாள்காட்டியின்படி எழுதப்பட்டவை. தெரெந்தீனோ பகுதியினர் அந்தெனாத்தியில் நேரத்தை வீணாக்காமல், அவ்வட்டாரத்து ஆவணக் காப்பகம் பங்கு ஏடுகளிலிருந்து 1815 முதல் 1923 வரையிலான பிறப்புகளைத் தொகுத்து வெளியிட்டுள்ள ‘நாத்தி இன் தெரெந்தீனோ’ தரவுத்தளத்துக்கு நேராகச் செல்லலாம். அமெரிக்க வம்சாவளி ஆய்வு நிறுவனமான பாமிலிசேர்ச் இத்தாலிய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இப்பதிவேடுகளைப் படமெடுத்து வந்திருக்கிறது. அதன் தளத்திலும் இத்தாலியப் படங்கள் ஏராளமாக உண்டு. ஆயினும் அவற்றில் பலவற்றை அந்நிறுவனத்தின் மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோ அமர்ந்துதான் பார்க்க முடியும் என்பதால், வீட்டிலிருந்து தேடுபவருக்கு அந்தெனாத்தியே வசதியானது.

தளத்தில் கிடைக்காதவையும் உண்டு. 1563இல், திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கத்தின் ஆணைப்படி கத்தோலிக்கப் பங்குகள் எழுதத் தொடங்கிய திருமுழுக்கு, திருமண ஏடுகளில் பெரும்பாலானவை இன்றும் பங்குகளிலும் மறைமாவட்டக் காப்பகங்களிலுமே உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முன் செல்ல விரும்புவோர் அங்கே எழுதிக் கேட்க வேண்டும், அல்லது நேரில் செல்ல வேண்டும். பெற்றோர் பெயரற்ற குழந்தையாக ஒரு முன்னோர் பதிவாகியிருந்தால் அந்தந்த அனாதை இல்லத்தின் ஆவணங்களை நாட வேண்டும். நாபொலியின் அனுன்சியாத்தா இல்லத்தில் குழந்தைகளை விட்டுச்செல்லும் சுழல்பெட்டி 1875 வரை இயங்கியது.

குடியுரிமைக்காகத் தேடுபவருக்கு இரண்டு செய்திகள். கொள்ளுப்பாட்டனின் பதிவு கிடைத்துவிட்டதாலேயே இத்தாலியக் குடியுரிமை கோரலாம் என்ற நிலை இன்று இல்லை. 2025 மே மாதத்தில் வந்த 74ஆம் எண் சட்டம் வம்சாவளி உரிமையைப் பொதுவாகப் பெற்றோர், பாட்டன் பாட்டி தலைமுறையோடு நிறுத்திவிட்டது. தகுதியுள்ளவரும் அந்தெனாத்தியின் படத்தை அச்சிட்டுக் கொடுக்க முடியாது, கொமூனே வழங்கும் சான்றிட்ட படி வேண்டும். 2025ஆம் ஆண்டுக்கான நிதிநிலைச் சட்டத்தின்படி, நூறாண்டுக்கு முந்தைய பிறருடைய பதிவுக்குப் படி கேட்பவரிடம் 300 யூரோ வரை வாங்க கொமூனேக்களுக்கு அனுமதி உண்டு. பதிவேடுகள் இரண்டு மூலங்களாக எழுதப்பட்டு, ஒன்று கொமூனேயிலேயே தங்க, மற்றொன்று நீதிமன்றம் வழியாக அரசுக் காப்பகத்தைச் சேர்ந்ததால், நாம் திரையில் பார்க்கும் அதே பதிவு, அதே எண்ணோடு அந்த ஊர் அலுவலகத்தின் அலமாரியிலும் இருக்க வேண்டும். கடிதத்தில் வெறும் பெயரை எழுதித் தேடச் சொல்வதைவிட, ஆண்டையும் பதிவு வகையையும் பதிவு எண்ணையும் தெளிவாகக் குறிப்பிட்டு, அந்தெனாத்திப் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்து அனுப்பினால், ஓரிருவரே பணிபுரியும் சிற்றூர் அலுவலகத்திலும் அந்த ஏட்டை நேராக எடுத்துப் படியெழுதித் தர இயலும்.