பொது வருங்கால வைப்பு நிதி: முழுத் தவணையும் கட்டி முடித்த ஒருத்தியின் மதிப்பீடு

2009 செப்டம்பரில் குமாரபாளையம் அஞ்சலகத்தில் நான் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு 2025 மார்ச் 31 அன்று முதிர்வடைந்தது. மத்திய அரசின் இந்த நீண்டகாலச் சேமிப்புத் திட்டத்தை பி.பி.எஃப். என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள் என்பதால் நானும் இனி அப்படியே எழுதுகிறேன். இந்தத் திட்டத்தின் வட்டி விகிதத்தையும் வரிச் சலுகையையும் விளக்கும் கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன. சம்பளம் கைக்கு வருமுன்பே அதில் நான்கு பேருக்குப் பங்கு இருக்கும் வீட்டில், மூத்த பிள்ளையாகப் பிறந்து சம்பாதிக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதை எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் 2008-இல் சேர்ந்தபோது மாதச் சம்பளம் 9,500 ரூபாய். அதில் 5,000 ரூபாய் வீட்டுக்குப் போகும். தம்பி பள்ளியிலும் தங்கை கல்லூரியிலும் இருந்தார்கள். பணம் கேட்டவர்கள் யாரும் தவறான காரணத்துக்குக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்லூரிக் கட்டணம், அம்மாவின் மருந்து, தறிக்கூடம் மூடிய மாதங்களின் மளிகைக் கடன், மாமா வீட்டு விசேஷத்துக்கான மொய் என்று ஒவ்வொன்றும் நியாயமான தேவையாகவே வந்தது. நியாயமான தேவைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும் வீட்டில் சேமிப்பு தங்குவதில்லை. முதல் ஆண்டில் நான் சேர்த்த 11,000 ரூபாய், சேமிப்புக் கணக்கில் இருந்ததால், ஒரே வாரத்தில் கரைந்து போனது. அதற்கு முன் வாங்கிய ஒரு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போய், மீட்க முடியாமல் ஏலத்துக்கும் போய்விட்டது. நகை கண்ணுக்குத் தெரியும் சேமிப்பு என்பதால் அவசரம் வந்தவுடன் எல்லோர் பார்வையும் கழுத்தில்தான் விழும்.

எங்கள் தெருவில் அஞ்சலகத் தொடர் வைப்புக்கு மாதாமாதம் பணம் வசூலிக்க வரும் சிறுசேமிப்பு முகவர் அக்காதான் இந்தக் கணக்கைப் பற்றி எனக்குச் சொன்னார். தொடர் வைப்பில் அவருக்கு 4 சதவீதம் கமிஷன் கிடைத்தது, பி.பி.எஃப். கணக்குக்கு அப்போது 1 சதவீதம்தான், அதுவும் 2011 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. தனக்குக் குறைவாகக் கிடைக்கும் ஒன்றை எனக்குப் பொருத்தமானது என்று எடுத்துச் சொன்ன அந்த நல்ல மனத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. ஒருவர் பெயரில் ஒரு கணக்குதான் தொடங்க முடியும். கூட்டுக் கணக்குக்கு இடமில்லை. ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய் கட்ட வேண்டும். இப்போது அதிகபட்சம் 1,50,000 ரூபாய் வரை கட்டலாம். தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 ஆண்டுகள் கணக்கிடப்படும் என்பதால் என்னுடைய கணக்கு உண்மையில் பதினைந்தரை ஆண்டு ஓடியது. வட்டியை மத்திய அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. நான் தொடங்கியபோது 8 சதவீதமாக இருந்தது 2012-13-இல் 8.8 வரை ஏறி, பிறகு சிறு ஏற்ற இறக்கங்களோடு குறைந்து, 2020 ஏப்ரலில் 7.1 ஆனது. அதன்பின் என் கணக்கு முதிரும் வரை அந்த விகிதம் மாறவில்லை. மாதம் 2,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்டினால், இந்த 7.1 சதவீதமே தொடர்வதாக வைத்துக்கொண்டால், கட்டிய 3,60,000 ரூபாய் சுமார் 6,31,000 ரூபாயாக நிற்கும்.

இந்தக் கணக்கில் ஒரு தேதி முக்கியம். மாதத்தின் 5-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி கணக்கிடப்படுகிறது. 6-ஆம் தேதி கட்டிய பணத்துக்கு அந்த மாதம் வட்டி கிடையாது. எனக்கு இந்த விதி வேறொரு வகையில் நன்மை செய்தது. ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சமிருந்தால் கட்டலாம் என்று முதல் சில மாதங்கள் இருந்தேன். எந்த மாதமும் மிச்சமிருக்கவில்லை. 5-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால் சம்பளம் வந்த மறுநாளே 2,000 ரூபாயைக் கட்டிவிட்டு, பிறகு வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு மாறினேன். வீட்டுக்குப் போகும் தொகையில் ஒரு ரூபாயும் குறையவில்லை. குறைந்தது என் கைச்செலவுதான். அந்த ஆண்டுகள் கடினமாகவே இருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி நான் மிகவும் மதிக்கும் அம்சத்துக்கு வருகிறேன். இந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கான விதிகளைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். மூன்றாம் நிதியாண்டு முதல் ஆறாம் நிதியாண்டு வரை கடன் மட்டும் பெறலாம். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய இருப்பில் கால் பங்குதான். ஏழாம் நிதியாண்டிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய இருப்பிலோ முந்தைய ஆண்டு இருப்பிலோ எது குறைவோ அதில் பாதியை எடுக்கலாம். இந்தக் கணக்கீடு தலையைச் சுற்றவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்துக்குக் கொடுக்கவும் வேண்டும், முழுவதையும் இழந்துவிடவும் கூடாது என்ற நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கதவை நான் வேறெங்கும் காணவில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். 2013 ஜூனில் தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் போதவில்லை. 2012 மார்ச் முடிவில் என் கணக்கில் சுமார் 66,000 ரூபாய் இருந்ததால் அதில் கால் பங்காக 16,500 ரூபாய் கடன் கிடைத்தது. கணக்கில் அதைவிட நிறைய இருந்தும் அதற்கு மேல் ஒரு ரூபாயும் தர விதியில் இடமில்லை. கடனை 36 மாதங்களுக்குள் அடைத்தால் அப்போது ஆண்டுக்கு 2 சதவீத வட்டி. 2019-இல் வந்த புதிய விதிகளின்படி அது 1 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 36 மாதங்களைத் தாண்டினால் 6 சதவீதம். நான் இரண்டு ஆண்டுகளில் அடைத்துவிட்டேன். தம்பியின் படிப்பு நிற்கவில்லை, என் கணக்கும் காலியாகவில்லை.

பெரிய சோதனை 2018-இன் இறுதியில் தங்கையின் திருமணத்தோடு வந்தது. அதற்குள் என் கணக்கில் 4 லட்சத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. பெருமையில் அப்பா அதை உறவினர்களிடம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகைக்கு இந்தப் பணமே போதும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னார்கள். அப்போது எனக்கு 31 வயது, எனக்கே திருமணம் ஆகியிருக்கவில்லை. தங்கைக்குச் செய்வதில் எனக்குத் துளியும் மனக்குறை இல்லை. ஆனால் பத்தாண்டு உழைப்பு ஒரே நாளில் நகைக்கடைக்குப் போவதை ஏற்கவும் முடியவில்லை. விதிப்படி 2015 மார்ச் முடிவில் இருந்த இருப்பில் பாதி, அதாவது சுமார் 97,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. கணக்கையே முடித்துவிடலாமே என்று சித்தப்பா கேட்டார். அதற்கும் விதி குறுக்கே நின்றது. கணக்குதாரர், அவருடைய கணவர் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் உயிருக்கு ஆபத்தான நோய்க்கும், கணக்குதாரர் அல்லது அவரைச் சார்ந்த பிள்ளைகளின் உயர்கல்விக்கும்தான் முன்கூட்டியே முடிக்க முடியும்; இப்போது வெளிநாட்டில் குடியேறினாலும் முடிக்கலாம். உடன்பிறந்தவரின் திருமணம் அந்தப் பட்டியலில் இல்லை.

அன்று நான் யாரிடமும் முடியாது என்று சொல்ல நேரவில்லை. அஞ்சலகத்தில் தரமாட்டார்கள் என்று சொல்வதோடு பேச்சு முடிந்தது. நகையில் சில பவுன் குறைந்தது. திருமணம் நல்லபடியாகவே நடந்தது. தங்கை நலமாக இருக்கிறாள். என் முகம் பார்த்து யாரும் பேசாமல் இருந்த நாட்கள் எதுவும் வரவில்லை. குடும்ப உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் 3 லட்சம் ரூபாயைக் காப்பாற்றிக் கொடுத்தது அந்த விதிதான்.

அந்த 3 லட்சத்தின் அருமை 2020-இல் தெரிந்தது. ஊரடங்கில் நிறுவனம் பல மாதம் பாதிச் சம்பளமே கொடுத்தது; அப்பாவின் தறிக்கூடம் முற்றிலும் மூடியிருந்தது. அந்த நிதியாண்டில் 40,000 ரூபாய் எடுத்து என் வாடகையையும் ஊரில் வீட்டுச் செலவையும் சமாளித்தேன். அந்த ஆண்டு மொத்தமே 6,000 ரூபாய்தான் கட்டினேன். தொடர் வைப்பாக இருந்தால் தவணை தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் வீதம் அபராதம் வந்திருக்கும், நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கே நின்றுபோகும். பி.பி.எஃப். கணக்கில் ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினால் போதும். அதையும் தவறவிட்டால், தவறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த 500 ரூபாயோடு 50 ரூபாய் அபராதம் கட்டிக் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளலாம். நிலையில்லாத வருமானம் உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இன்னொரு பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். உறவினரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாத மூத்த பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன். இந்தக் கணக்கில் உள்ள தொகையைக் கடன்காரர்கள் நீதிமன்ற ஆணை பெற்று ஜப்தி செய்ய முடியாது. அந்தக் கடன் ஒழுங்காக அடைந்துவிட்டது என்றாலும், அடையும் வரை நான் நிம்மதியாகத் தூங்கியதற்கு இது ஒரு காரணம்.

குறைகளுக்கு வருகிறேன். 7.1 சதவீதம் என்பது விலைவாசி உயர்வுக்குச் சற்று மேலே நிற்கும் விகிதம்தான். செல்வம் பெருக்கும் வழியாக இதை யாரும் நினைக்க வேண்டாம். முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்கு அவசர நிதியாக இதை நம்பவே கூடாது. மூன்று மாதச் செலவையாவது எடுக்கக்கூடிய இடத்தில் தனியாக வைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். நான் அப்படிச் செய்யாமல் 2011-இல் வெளியில் வட்டிக்கு வாங்கிச் சிரமப்பட்டேன். பழைய வரி முறையில் வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவின் கீழ் கிடைத்த வரிக் கழிவு புதிய வரி முறையில் இல்லை. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை என்பது மட்டும் இரண்டிலும் பொருந்தும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் புதிதாகத் தொடங்க முடியாது. முன்பே தொடங்கிவிட்டுப் போனவர்கள் முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகத் திட்டமிடும் தம்பிமார்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சேவையைப் பொறுத்தவரை அனுபவம் ஒரே மாதிரி இல்லை. அஞ்சலகத்தில் தொடங்கிய நாளில் அரை மணி நேரத்தில் கணக்குப் புத்தகம் கைக்கு வந்தது. இணையவழியில் கட்டும் வசதிக்காகக் கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளைக்கு மாற்ற விண்ணப்பித்தபோது இரண்டரை மாதம் இழுத்தடித்தார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். மாற்றம் முடிந்தபின் எந்தத் தொல்லையும் இல்லை. மாதம் 2-ஆம் தேதி பணம் தானாகப் போய்விடும். மாற்ற விரும்புகிறவர்கள் ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பித்து, பழைய புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நாமினி விவரத்தையும் மறக்கக் கூடாது. நான் தொடங்கியபோது அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். திருமணத்துக்குப் பிறகு கணவரையும் அம்மாவையும் பங்கு குறிப்பிட்டுச் சேர்த்தேன். இதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால் பிற்பாடு மனத்தாங்கலுக்கு இடமில்லாமல் போனது.

முதிர்வுக்குப் பின் மூன்று வழிகள் உண்டு. முழுவதையும் எடுத்துக் கணக்கை முடிக்கலாம். புதிதாகப் பணம் கட்டாமல் விட்டுவைத்து வட்டி மட்டும் பெறலாம். ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்துத் தொடர்ந்து கட்டலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் 4 கொடுத்தாக வேண்டும். நீட்டித்த அந்த ஐந்தாண்டுக் காலத்தில், தொடக்கத்தில் இருந்த தொகையில் 60 சதவீதம் வரை எடுக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும். தம்பி இப்போது வீடு கட்டத் தொடங்கியிருக்கிறான். முதிர்வுத் தேதி அவனுக்கும் தெரியும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, அவனுக்கு 1,00,000 ரூபாய் கொடுப்பதென்றும், அதை நீட்டித்த கணக்கிலிருந்தே எடுப்பதென்றும் முடிவு செய்து, 2025 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். கணக்கு இப்போது 2030 மார்ச் 31 வரை நீள்கிறது. மாதத் தவணையை 5,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறேன்.