ஐந்து வருட டைரி: முதல் கட்டம் நிரம்பிய பிறகு

டிசம்பர் கடைசியில் யாராவது என்னிடம் "இந்த வருஷம் எப்படிப் போச்சு?" என்று கேட்டிருந்தால், "எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே போச்சு" என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன். மார்ச்சில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தேறி நடமாடிக்கொண்டிருந்தவர் நவம்பர் கடைசியில் மறுபடி விழுந்தார். பிறகு டைரியை எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். ஆஸ்பத்திரி என்ற சொல் வருவது 38 நாட்களில். மீதி 327 நாட்கள் எங்கே போயின என்று அன்றுதான் தேட ஆரம்பித்தேன்.

நான் எழுதுவது ஐந்து வருட டைரி. தேதிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஐந்து கட்டம். முதல் வருடம் மேல் கட்டத்தில் எழுத வேண்டும், அடுத்த வருடம் அதே தேதியில் அதற்குக் கீழே. கிழமை அச்சிடப்பட்டிருக்காது. வருடத்துக்கு '20' என்று மட்டும் போட்டிருக்கும், மீதி இரண்டு இலக்கத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஆகவே ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம். பிப்ரவரி 29-க்கும் ஒரு பக்கம் உண்டு. ஐந்து வருடத்தில் அதில் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோதான் நிரம்பும்.

ஏ5 அளவு, கட்டத்துக்கு ஆறு வரி. என் கையெழுத்துக்கு முப்பது சொல் பிடிக்கும். வாங்கியபோது இது போதாது என்று நினைத்தேன். இதற்கு முன் முழுப்பக்க டைரிகள் மூன்றை பிப்ரவரியைத் தாண்டவிடாமல் கைவிட்டவள் நான். ஒருநாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கம் கடன்காரன் மாதிரி முறைக்கும். ஆறு வரி அப்படி மிரட்டுவதில்லை. தூக்கக் கலக்கத்திலும் எழுதிவிடலாம். அதைவிட முக்கியம், ஒரு முழு வருடத்தையும் மூன்று சாயங்காலத்தில் படித்து முடிக்க முடிகிறது. டைரியின் பலன் எழுதும்போது பாதிதான் கிடைக்கிறது, மீதி திருப்பிப் படிக்கும்போது வருகிறது. இந்த டைரியை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் அதுதான்.

தையல் பைண்டிங் என்பதால் எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேசைமேல் சமமாகக் கிடக்கிறது. தாளின் கனம் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்). மை ஊற்றி எழுதும் பேனாவுக்கு இது ஆகாது. பின்பக்கம் அடுத்த தேதி இருக்கிறது, அங்கே ஊறிவிடுகிறது. இன்னொன்று பட்டுத் தெரிந்துகொண்டது. சாதாரண சாய மையில் எழுதிய மார்ச் 9-ஆம் தேதி கட்டத்தில் ஈரக்கை பட்டு மூன்று வரி நீலத் திட்டாகப் போய்விட்டது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த நாள் அது. மறுநாள் முதல் 0.4 மி.மீ. முனையுள்ள பிக்மென்ட் பேனா, அதாவது சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத்துகள் கலந்த மை. காய்ந்துவிட்டால் தண்ணீருக்குக் கரையாது. ஐந்து வருடம் இருக்க வேண்டிய புத்தகத்துக்கு எந்தப் பேனா ஒத்துவரும் என்று தயாரித்தவர்கள் ஒரு வரி அச்சடித்திருக்கலாம்.

கடைசியில் வருட முடிவுக்கென்று சில பக்கங்கள் உண்டு. "இந்த வருடத்தின் மிகப்பெரிய சாதனை என்ன?" என்று கேட்கிறார்கள். அதை நான் நிரப்பவில்லை. ஞாபகத்தை நம்பி பதில் சொல்லவைக்கும் கேள்வி அது, ஞாபகமோ கடைசியில் நடந்ததற்கே அதிக எடை போடும். உளவியலாளர் டேனியல் கானமன் குழு 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 14 டிகிரி குளிர்நீரில் கையை 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு இன்னும் 30 விநாடி சேர்த்து, அந்தக் கடைசி 30-இல் மட்டும் நீரை 15 டிகிரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கினார்கள். மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். வேதனை அதிக நேரம்தான், ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது. என் வருடத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். நவம்பர் கடைசி, முன்னால் இருந்த பதினோரு மாதத்தின் மேலும் சாயம் பூசிவிட்டது.

அதனால் கேள்விகளை விட்டுவிட்டு, ஒரு பென்சிலோடு ஜனவரி 1-இலிருந்து படித்தேன். ஒரு சாயங்காலத்துக்கு நான்கு மாதம். எதையும் திருத்தவில்லை. மனிதர்களின் பெயர் வரும் இடத்தில் மட்டும் அடிக்கோடு போட்டேன்.

ஜூலை 11-இல் இப்படி இருந்தது: "இரண்டு காலும் தரையை விட்டு எழும்பின. ஏழு எண்ணும் வரை மிதந்தேன். கோச் பார்க்கவில்லை." நாற்பத்து மூன்று வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன் என்பது நினைவிருந்தது. அந்த ஏழு விநாடி அடியோடு மறந்திருந்தது. படித்ததும் குளோரின் வாசனை வரை திரும்பி வந்துவிட்டது.

அடிக்கோடுகள் காட்டியது வேறு. ஒரு தோழியின் பெயர் ஜனவரியிலிருந்து ஜூன் வரை 21 இடத்தில். அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் இல்லை. சண்டை எதுவும் கிடையாது. கடைசியாக ஜூன் 17: "போன் வந்தது. எடுக்கவில்லை. நாளைக்குப் பேசலாம்." ஜூன் 18-இல் அம்மாவின் பிசியோதெரபி மட்டும் இருக்கிறது. பென்சிலை வைத்துவிட்டு அப்போதே கூப்பிட்டேன். "என்னடி, நாளைக்கு வந்துருச்சா?" என்று அவள் கேட்கவில்லை, அவளுக்கு அந்த வரி தெரியாதே. "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டாள். எனக்குச் சிறிது நேரம் பேச்சே வரவில்லை.

"மனசு சரியில்லை" என்று 16 நாள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது எதையும் சொல்லவில்லை. என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிய நாட்கள்தான் பேசுகின்றன. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை இன்றும் படிக்க முடிவதற்கு, கப்பல் வந்ததையும் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதையும் அவர் விடாமல் குறித்து வைத்ததே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வருடம் அந்த இரண்டு சொல்லுக்கு என் கட்டத்தில் இடம் தரப்போவதில்லை.

ஆறு வரிக்குள் அடங்காத நாட்களும் உண்டு. அவற்றுக்கு இந்த டைரி உதவாது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்கள் மனக்காயங்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் மனம் கனத்துத்தான் இருந்தது, ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. அந்த மாதிரி எழுத்துக்குத் தனித்தாள் வேண்டும். நவம்பர் 27-க்கு நான் நான்கு தாள் எழுதி மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். பின் அட்டையில் ஒரு சின்ன உறை வைத்திருந்தால் அது கீழே விழாது.

நாலைந்து பக்கம் மனம்விட்டு எழுதுகிறவர்களுக்கு இது வேண்டாம். எழுத ஆரம்பித்து ஆரம்பித்து விட்டவர்களுக்கும், கைக்குழந்தையோ நோயாளியோ வீட்டில் இருந்து நேரமே கிடைக்காதவர்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். அடையாள ரிப்பன் ஒன்றுதான் தருகிறார்கள், அது போதவில்லை. இரண்டாவதை நானே ஒட்டிக்கொண்டேன். ஒன்று இன்றைய தேதியில் கிடக்கிறது, இன்னொன்று இப்போதைக்கு ஜூலை 11-இல்.