தார் முன்பக்கத்தை உயர்த்த: ஸ்பேசரா, ஸ்பிரிங் கிட்டா?

2020-க்குப் பிறகு வந்த மஹிந்திரா தாரை மலைப்பாதையில் இரண்டு தடவை அடி தட்ட ஓட்டியவர்கள் அடுத்து யோசிப்பது முன்பக்கத்தை உயர்த்துவதைத்தான். கம்பெனி தரும் 226 மி.மீ. தரை இடைவெளி பெரும்பாலான இடங்களுக்குப் போதும். போதாதென்றால் வழி இரண்டு: இருக்கிற ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் ஸ்பேசர் என்ற தடித்த துண்டை வைப்பது, அல்லது கிட் வாங்கி ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றுவது. நான் கிட் போட்டு ஓட்டுகிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஸ்பேசர் விலை குறைவு, வேலை சீக்கிரம் முடியும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். நல்ல ரோட்டில் பெரிய வித்தியாசமும் தெரியாது.

சிக்கல் சக்கரம் தொங்கும்போதுதான். தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன்: மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும். ஸ்ட்ரட் சக்கரத்துக்கு உள்ளே தள்ளிக் கீழ் விஷ்போனில் உட்காருகிறது. அதனால் மேலே ஒரு அங்குலம் வைத்தால் சக்கரம் அதைவிட அதிகமாகவே இறங்கும். ஷாக் அதே நீளம். ஆனால் மொத்தமாகக் கீழே தள்ளப்பட்டிருப்பதால், பள்ளத்தில் தொங்கும் சக்கரம் கம்பெனி வைத்த எல்லையைத் தாண்டிப் போகிறது. அந்தக் கோணத்தைத் தாங்க வேண்டியவை சிவி ஜாயிண்ட்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) மேல் விஷ்போனின் பால் ஜாயிண்ட்டும் (அதன் நுனியிலுள்ள உருண்டை மூட்டு). ஸ்பேசர் போட்ட வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கீழே படுத்துப் பாருங்கள்: சிவி ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒரு பக்கம் நசுங்கி ஒன்றோடொன்று உரசும், மறுபக்கம் விறைத்து நிற்கும். அந்த ரப்பர் கிழிந்தால் கிரீஸ் தெறித்து வெளியேறும், சேறு உள்ளே போகும், அப்புறம் ஜாயிண்ட்டே போகும். ஸ்பேசரில் மிச்சம் பிடித்த காசு அங்கே கரைந்துவிடும்.

நல்ல கிட்டில் ஷாக் எவ்வளவு விரியலாம் என்று கணக்குப் பார்த்திருப்பார்கள். ஜாயிண்ட் திணறுவதற்கு முன்பே ஷாக் நின்றுவிடும். இதற்கும் ஒரு விலை உண்டு: உயர்த்திய அளவுக்குச் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறையும். அதனால் 2 அங்குலத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஸ்டீல் பம்பர், வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று மோட்டார்) போன்ற கனமான சாமான் முன்பக்கம் இருக்கிறதா என்பதைச் சொல்லியே ஸ்பிரிங் வாங்குங்கள். வெறும் வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் சின்னக் கல்லுக்கும் குதிக்கும்.

நான் ஓட்டியது கல்லும் சேறுமான மலைப்பாதைகளில்தான். மணலில் வேகமாகப் போகிறவர்கள் அங்கே ஓட்டிப் பழகியவர்களிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. இதில் இரண்டு வழிக்கும் சலுகை இல்லை. இன்சூரன்ஸ்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எதைப் போட்டாலும், பணம் கொடுக்கும் முன் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, பூட்டையும் பிரேக் ஹோஸையும் பாருங்கள். வீல் அலைன்மென்ட்டையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.