பச்சிரிசுவுக்கும் ஒரு வேலை உண்டு: மலையகத்துக் கண்ணில் பொக்கிமொன் ஷோடவுன்

பச்சிரிசு என்ற பொக்கிமொனின் அடிப்படைப் புள்ளிகளைக் (உயிர், தாக்கும் வலு, தற்காப்பு, வேகம் போன்றவை) கூட்டினால் 405தான் வரும். பெரிய போட்டிகளில் அடிக்கடி தலைகாட்டுகிறவை 500க்கும் 600க்கும் இடையில் நிற்கும். அப்படியிருந்தும், 2014இல் வொஷிங்டனில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பின் மாஸ்டர்ஸ் பிரிவில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க் வென்றபோது, அவருடைய அணியில் இந்த மின்சார அணில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, பிடித்த பொக்கிமொனை எல்லாம் அணியில் சேர்த்து வரிசையாகத் தோற்றவர்கள் ஏராளம். பார்க் செய்தது என்ன, மற்றவர்கள் விட்டது என்ன என்று காசு செலவில்லாமல் பிரித்துப் பார்க்கக் கிடைக்கும் பட்டறைதான் பொக்கிமொன் ஷோடவுன்.

2011இல் தொடங்கிய ரசிகர் முயற்சி இது. நின்டெண்டோவின் சொந்தத் தளம் அல்ல. பிரவுசரில் திறந்தால் போதும்: ஸ்விட்ச் கொன்சோல் வேண்டாம், கேம் வேண்டாம், பொக்கிமொனை மாதக்கணக்கில் வளர்க்கவும் வேண்டாம். எந்தப் பொக்கிமொனையும் விரும்பிய மூவ்களோடும் (அது செய்யும் அடிகளும் தந்திரங்களும்) ஐட்டத்தோடும் (அது கையில் வைத்திருக்கும் பொருள்) இரண்டு நிமிடத்தில் உருவாக்கி, உலகத்தில் யாரோ ஒருவரோடு மோதலாம். வீட்டில் ஒரு கொன்சோல் வாங்குவதே பெரிய செலவாக இருக்கும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் சிக்னல் கதை. ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றும் சேர்வருக்கும் பிரவுசருக்கும் இடையில் சில வரி எழுத்தாகத்தான் போய் வருகிறது. டேட்டாவை இழுப்பது படங்களும் அசைவுகளும். ஒப்ஷன்ஸுக்குள் போய் அனிமேஷனை நிறுத்தி, முப்பரிமாண உருவங்களுக்குப் பதில் தட்டையான 2டி படங்களைத் தெரிவு செய்தால், மலைச்சரிவில் ஒரு கோடு சிக்னல் வரும் இடத்திலும் ஆட்டம் ஓடும். லைன் நடுவில் அறுந்தாலும் ஆட்டம் சேர்வரில் உயிரோடு இருக்கும். பக்கத்தை மறுபடி திறந்து உள்ளே போகலாம். எதிராளி டைமரைப் போட்டிருந்தால் மட்டும் கடிகாரம் காத்திருக்காது. பின்னேர மழை இறங்கும் நேரத்தில் ரேங்க் ஆட்டம் தொடங்குவது உங்கள் தலையெழுத்து.

இனி, எது 'மதிக்கப்படாத' பொக்கிமொன் என்பது. ஷோடவுனில் மேலிருந்து கீழாகப் புழங்கும் ஓயு, யூயு, ஆர்யு, என்யு, பியு என்ற தட்டுகளை வகுப்பது ஸ்மோகன் என்ற போட்டியாளர் சமூகம். தட்டைத் தீர்மானிப்பது பயன்பாட்டு விகிதம்: 15 ஆட்டம் ஆடினால் ஒரு முறையாவது எதிரில் வரும் வாய்ப்பு 50 சதவீதம் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் அது 4.52 சதவீதப் பயன்பாடு. அதற்குக் கீழே போனால் தட்டு இறங்கும். தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பி.ஓ.பி., டஸ்ட் என்ற தேயிலைத் தரப் பெயர்கள் துகளின் பருமனைத்தான் சொல்கின்றன, சாயம் எவ்வளவு ஏறும் என்பதை அல்ல. அதேபோல பியு என்றால் 'அதிகம் பேர் எடுக்கவில்லை' என்பது மட்டும்தான் அர்த்தம். சிலவற்றை எடுக்காமல் விட்டதற்கு நல்ல காரணம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அதே வேலையை இன்னொன்று கூடுதலாகச் செய்கிறது. குவாக்சயரை எடுங்கள். அதன் அன்அவேர் எபிலிட்டி (பிறவிக் குணம்), எதிராளி ஏற்றிக்கொண்ட வலுவைக் கணக்கில் எடுக்காது. தாக்கும் வலுவை ஏற்றும் சோர்ட்ஸ் டான்ஸ் மூன்று தரம் ஆடிவிட்டு வருகிறவனும் இதற்கு முன்னால் வெறும் ஆள். ஆனால் டொண்டோசோவிடமும் அதே எபிலிட்டி இருக்கிறது, அதன் அடிப்படை உயிர் 150. குவாக்சயருக்கு 95தான். அப்படியென்றால் குவாக்சயரை ஏன் எடுக்க வேண்டும்? அது நீரும் நிலமும் கலந்த வகை. மின்சார அடி அதற்குப் படவே படாது, டொண்டோசோவுக்குப் பலமாகப் படும். உங்கள் அணிக்கு மின்சாரம்தான் தலைவலி என்றால் குவாக்சயருக்கு இடம் உண்டு. இல்லாவிட்டால் அது வெறும் பாசம். புல் வகை அடி அதற்கு நாலு மடங்கு விழும், ஒன்பதாம் தலைமுறை ஆட்டங்களில் (ஸ்கார்லெட், வயலட்) உயிரை மீட்கும் ரிகவர் அதிகபட்சம் எட்டுத் தரம்தான் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். நீண்ட ஆட்டத்தில் எட்டு சீக்கிரம் தீரும்.

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஷோடவுனின் டீம்பில்டர் உதவுகிறது. பொக்கிமொன் தேடும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு எபிலிட்டியையோ மூவையோ தட்டித் தெரிவு செய்தால், அது உள்ளவை மட்டும் பட்டியலாக வரும். அதன் மேல் இன்னொன்றையும் சேர்க்கலாம். பிராங்க்ஸ்டர் எபிலிட்டியும் டெயில்விண்ட் மூவும் சேர்த்துத் தேடுங்கள். கையால் எண்ணக்கூடிய சில பெயர்கள்தான் மிஞ்சும், அவற்றில் ஒன்று முர்க்ரோ. தளத்தின் மிகச் சிறந்த வசதி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இப்போது பச்சிரிசுவுக்குத் திரும்புவோம். பார்க் அதற்குக் கொடுத்தவை ஃபொலோ மீ, நஸ்ல், சுப்பர் ஃபேங், புரொடெக்ட் என்ற நாலு மூவ், வோல்ட் அப்சோர்ப் எபிலிட்டி, கையில் உயிர் ஏற்றும் சிட்ரஸ் பெர்ரி. இந்த நாலில் எதற்கும் பச்சிரிசுவின் தாக்கும் வலு பெரிதாகத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். சுப்பர் ஃபேங் எதிராளியின் மிச்ச உயிரில் பாதியை வெட்டும், அடிப்பவன் எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும். நஸ்லின் அடி வெறும் 20, ஆனால் பட்டால் கட்டாயம் முடக்கும். தாக்கும் வலு 45 என்ற குறை இப்படித்தான் ஒன்றுமில்லாமல் போகிறது.

அந்தப் போட்டி, பக்கத்துக்கு இரண்டு பொக்கிமொன் இறங்கும் இரட்டையர் ஆட்டம். பச்சிரிசுவின் பக்கத்தில் நின்றது கியாரடோஸ். நீரும் பறத்தலும் கலந்த அதற்கு மின்சாரம் நாலு மடங்கு. எதிராளி அதைக் குறிவைத்து மின்சார அடி விட்டால், ஃபொலோ மீ அந்த அடியைப் பச்சிரிசு பக்கம் இழுக்கும். வோல்ட் அப்சோர்ப் அதையே கால்பங்கு உயிராக மாற்றிக்கொள்ளும். எதிராளி அடித்தால் இவனுக்கு உயிர் ஏறும், அடிக்காமல் விட்டால் கியாரடோஸ் கை ஓங்கும்.

டீம்பில்டரில் செய்து பார்க்க: உயிருக்கு 252 ஈ.வி. (நாமே பங்கிட்டுக் கொடுக்கும் கூடுதல் புள்ளி), தற்காப்புக்கு 252, மிச்சம் 4, நேச்சர் (ஒன்றை ஏற்றி இன்னொன்றை இறக்கும் சுபாவம்) இம்பிஷ். 50ஆவது லெவலில் உயிர் 167, தற்காப்பு 134 என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் லெவல் 100இல் நிற்கிறது, அல்லது நேச்சரை மாற்ற மறந்துவிட்டீர்கள்.

இதே பச்சிரிசுவை ஓயுவில், அதாவது ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் இறக்கினால் கதை முடிந்தது. காப்பாற்றப் பக்கத்தில் ஆளே இல்லாத இடத்தில் ஃபொலோ மீ வெறும் வெற்றிடம். இரட்டையர் ஆட்டத்திலும் ரொக் ஸ்லைட், எர்த்குவேக் போல இரண்டு பேர் மேலும் விழும் அடிகளை ஃபொலோ மீ இழுக்காது. நஸ்ல் மின்சார வகைகளை முடக்காது. ஒரு பொக்கிமொன் 'மதிக்கப்படவில்லை' என்று சொல்வதற்கு முன் எந்த ஆட்டத்தில் என்று கேட்க வேண்டும்.

முர்க்ரோ இன்னும் முழுதாக வளராத பறவை. அதனால்தான் ஈவியோலைட் என்ற ஐட்டம் வேலை செய்கிறது: இரண்டு தற்காப்பும் ஒன்றரை மடங்கு. பிராங்க்ஸ்டரால் டெயில்விண்ட் முந்திப் போய்விடும், நாலு சுற்றுக்கு அணியின் வேகம் இரட்டிப்பு. போட்ட சுற்றையும் சேர்த்தே நாலு என்பதைப் பலர் மறந்துவிட்டு கடைசிச் சுற்றில் வாயைப் பிளக்கிறார்கள். ஃபவுல் பிளே எதிராளியின் சொந்தத் தாக்கும் வலுவாலேயே அவனை அடிக்கும். இதற்கும் முர்க்ரோவின் வலு தேவையில்லை. கெட்டுப்போகும் இடம், கையில் உள்ள ஐட்டத்தைத் தட்டிவிடும் நொக் ஒஃப். ஈவியோலைட் கையை விட்டுப் போனால் அடிப்படை 42 தற்காப்போடு ஒரு காக்கைதான் மிச்சம். பிராங்க்ஸ்டர் கொண்டு விடும் டோன்ட் (அடி அல்லாத மூவ்களைத் தடுப்பது) இருள் வகைகளுக்குப் படாது, ஏழாம் தலைமுறையிலிருந்து விதி அப்படி. டெயில்விண்ட் தன் பக்கத்துக்குப் போடுவது என்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை.

மந்தமானவற்றுக்கு ட்ரிக் ரூம். ஐந்து சுற்றுக்கு மெதுவானவன் முதலில். இதிலும் போட்ட சுற்று கணக்கில் சேரும், ஆகவே கையில் கிடைப்பது நாலு. டஸ்க்லொப்ஸுக்கு ஈவியோலைட் கொடுத்து ட்ரிக் ரூம் போட வைத்து, அருகில் டோர்கோலை நிறுத்துவது பழைய கூட்டணி. டஸ்க்லொப்ஸ் பேய் வகை, அதனால் எதிராளியைத் தடுமாற வைக்கும் ஃபேக் அவுட் அதற்குப் படாது. ஆனால் டோன்ட் பட்டால் வாய் அடைத்தது போலத்தான். டோர்கோல் வந்ததும் வெயில் வரும், அதன் நெருப்பு மூவான இரப்ஷன் முழு உயிரில் 150 வலு. உயிர் குறையக் குறைய அதுவும் குறையும்: பாதி உயிரில் 75தான். உயிர் 63 சதவீதத்துக்குக் கீழ் போனதும் 95 வலுவுள்ள ஹீட் வேவ் அதை முந்திவிடும், ஆகவே இரண்டையும் வைத்திருங்கள்.

இந்த அணி பிழைப்பதும் சாவதும் ஓர் எண்ணில்: வேக ஐ.வி. (பிறவியிலேயே வரும் 0 முதல் 31 வரையான புள்ளி). டீம்பில்டரில் அது 31இலேயே நின்றால், வேகத்தைக் குறைக்கும் குவாயட் நேச்சரோடு டோர்கோலின் வேகம் 36. கையால் 0 ஆக்கினால் 22. டஸ்க்லொப்ஸ் அதே கணக்கில் 27. டோர்கோலை 36இல் விட்டுவிட்டு ட்ரிக் ரூமுக்குள் அது முந்தவில்லையே என்று தளத்தைத் திட்டக்கூடாது.

டிட்டோவைப் பற்றிச் சுருக்கமாக. இம்போஸ்டர் எபிலிட்டி, வேகத்தை ஏற்றும் சொய்ஸ் ஸ்கார்ஃப், உயிருக்கு 252. எதிராளி ஏற்றிக்கொண்ட வலுவை அப்படியே பிரதி எடுத்து, அவனைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் திருப்பி அடிக்கும். எதிராளி சப்ஸ்டிடியூட் என்ற பதிலிப் பொம்மைக்குப் பின்னால் இருந்தால் பிரதி எடுக்க முடியாது. ஒவ்வொரு மூவும் ஐந்து தரம்தான். உயிர் மட்டும் டிட்டோவின் சொந்த உயிர்.

சோதித்துப் பார்ப்பதில்தான் ஷோடவுன் ஆளை ஏமாற்றும். புதிய பெயருக்கு ஈலோ (தரவரிசைப் புள்ளி) 1000இல் தொடங்கும். அங்கே பத்து ஆட்டம் வென்றால் பச்சிரிசுவே கடவுள் என்று தோன்றும். எதிரில் இருப்பவர் அதன் மூவ்களைப் பார்த்ததே இல்லை என்பதுதான் வெற்றிக்குக் காரணம் என்றால், அது பொக்கிமொனின் பலம் இல்லை, எதிராளியின் அறியாமை. ஒன்பதாம் தலைமுறையின் அதிகாரப்பூர்வ வி.ஜி.சி. போட்டிகளில் (உலகச் சம்பியன்ஷிப் வரை போகும் இரட்டையர் ஆட்டங்கள்) அணித்தாள் திறந்தே கிடக்கும்: மூவ், ஐட்டம், எபிலிட்டி எல்லாம் எதிராளிக்குத் தெரியும், ஈ.வி., ஐ.வி., நேச்சர் மறைவு. மூன்றில் இரண்டு வென்றாக வேண்டும். ஷோடவுனிலும் இதே விதியில் 'மூன்றுக்கு இரண்டு' ஆட்ட வகை தனியாக உண்டு. மதிக்கப்படாததை அங்கே போட்டுப் பாருங்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அது தன் வேலையைச் செய்தால் வைத்துக்கொள்ளலாம்.

முப்பது ஆட்டத்துக்குப் பிறகு ரீப்ளேக்களைத் திறந்து ஒன்றே ஒன்றை எண்ணுங்கள்: எத்தனை ஆட்டத்தில் அந்தப் பொக்கிமொனை உள்ளே கொண்டுவந்தீர்கள்? ஆறில் நாலைத் தெரிவு செய்யும் ஆட்டத்தில் பாதித் தரம்கூட அது வரவில்லை என்றால், நீங்களே அதை நம்பவில்லை. வெற்றி தோல்விக் கணக்கைவிட இது நேர்மையானது. டேமேஜ் கல்குலேட்டரையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒவ்வொரு அடியும் 85இலிருந்து 100 சதவீதம் வரை 16 படிகளில் ஆடும். 'தாங்கும்' என்று நினைத்தது 16இல் எத்தனை படியில் தாங்குகிறது என்று தெரிந்தால்தான் ஈ.வி.யை மாற்ற முடியும்.

குறைகளும் இருக்கின்றன. தமிழ் இல்லை, மூவ் விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் தந்தி மாதிரிச் சுருக்கி. போன் திரையில் ஆட்டம் ஓடும், ஆனால் டீம்பில்டரில் ஈ.வி. கோடுகளை விரலால் இழுப்பது ஊசிக்குள் கயிறு கோப்பது போல. எண்ணைத் தட்டி எழுதுவதே நல்லது. ஸ்விட்ச் கிடைக்கும் நாளில் இங்கே செய்த அணி அங்கே தானாகப் போகாது. 252 ஈ.வி.க்கு 25 விட்டமினும் இரண்டு இறகும் வேண்டும். பொட்டில் கெப் என்ற பொருள் ஐ.வி.யை ஏற்றத்தான் செய்யும், ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் இறக்குவதற்கு வழி கிடையாது. 0 வேக டோர்கோலைப் பிடிக்க வேண்டும், அல்லது முட்டையில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. டீம்பில்டரில் செய்த அணிகள் அந்த பிரவுசரிலேயே சேமிக்கப்படுகின்றன. டவுன் கொமியூனிகேஷன் கடையில் இருந்து செய்தால், கடைக்காரர் கம்பியூட்டரைத் துப்புரவு செய்யும் நாளில் எல்லாம் போகும். எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் ஆறு பொக்கிமொனும் எழுத்தாக வந்துவிடும். பிரதி எடுத்து உங்கள் வட்ஸ்அப்பிற்கே அனுப்பி வையுங்கள். வேறு இடத்தில் இம்போர்ட் கட்டத்தில் ஒட்டினால், வேக ஐ.வி. 0 உட்பட எல்லாம் அப்படியே திரும்பும்.