3,500 ரூபாய்க்கு ஐயாயிரம் ஃபொன்ட் என்று யாராவது விற்றால்

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறவன் நான். பேஸ்புக்கில் "ஃபொன்ட் கலெக்‌ஷன், கொமர்ஷல் லைசன்ஸுடன்", அதாவது வியாபார வேலைக்கும் பாவிக்க உரிமையுள்ள எழுத்துருத் தொகுப்பு, என்று விளம்பரம் கண்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நான் போய் மாட்டிக்கொண்டேன்.

போன வருடம் 3,500 ரூபாய் கட்டி வாங்கினேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் எல்லாம் இருக்கிறது, வாழ்நாள் முழுக்கப் பாவிக்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வட்ஸ்அப்பில் கேட்டும் பார்த்தேன். "ஓம் அண்ணா, பில்லும் தாறம், பயப்படாமப் பாவியுங்கோ" என்றார்கள். சொன்னபடி பில் வந்தது. அந்தப் பில்லைத்தான் லைசன்ஸ் என்று நினைத்துக்கொண்டேன், அதுதான் மடத்தனம்.

கொட்டாஞ்சேனையில் கறித்தூள் வியாபாரம் செய்கிற ஒரு முதலாளிக்கு லேபல், லோகோ, இணையத்தளம் மூன்றையும் அதிலிருந்த பிரஷ்ஷால் எழுதியது போன்ற ஓர் ஆங்கில எழுத்துருவில் செய்து கொடுத்தேன். அவருடைய சாமான் கனடாவுக்கும் போகிறது. எட்டு மாதம் கழித்து விடியக்காலையில் ஃபோன். "தம்பி, ஏதோ ஃபொன்ட் கொம்பனியாம், ஈமெயில் போட்டிருக்கிறான். நீங்க குடுத்தது களவெழுத்தாமே?"

களவெழுத்து! அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

அப்புறம்தான் ஃபொன்ட் கோப்பை ரைட் கிளிக் செய்து, ப்ரொபர்டீஸ் போய், டீட்டெய்ல்ஸில் பார்த்தேன். சொந்தப் பாவனைக்கு மட்டும், வியாபாரத்துக்கு என்றால் எங்களிடம் வாங்குங்கள் என்று அந்த எழுத்துருவை வடிவமைத்தவர்கள் அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எட்டு மாதமாக என் கொம்பியூட்டரிலேயே கிடந்த வரி அது.

சரி, மற்றதெல்லாம் என்ன என்று தோண்டினால் அது இன்னும் கேவலம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை என்ற எழுத்துருக்கள் எல்லாவற்றுக்கும் கோப்பின் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இவற்றைக் கூகுள் ஃபொன்ட்ஸ் தளத்தில் யாரும் சும்மா இறக்கலாம், எஸ்ஐஎல் ஓப்பன் ஃபொன்ட் லைசன்ஸில் வருவதால் வியாபார வேலைக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். ஆனால் அந்த லைசன்ஸ், எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, பிரதி கொடுத்தால் லைசன்ஸ் வாசகத்தையும் சேர்த்துக் கொடு என்கிறது. இவர்கள் வாசகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு விற்றிருக்கிறார்கள். ஆக, இலவசமாகக் கிடைப்பதற்கும் களவுக்கும் சேர்த்துக் காசு கட்டியிருக்கிறேன்.

"அவுட்லைன் ஆக்கித்தானே பிரஸ்ஸுக்குக் கொடுத்தாய், அப்புறம் என்ன" என்றான் கூட்டாளி ஒருவன். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவுட்லைன் ஆக்கினால், அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றினால், பிரஸ்காரருக்கு ஃபொன்ட் கோப்புத் தேவைப்படாது, அவ்வளவுதான். அதை வைத்து வேலை செய்த எனக்கு லைசன்ஸ் வேண்டும். இலங்கையில் யார் பார்க்கப் போகிறான் என்றும் சொன்னான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கொம்பியூட்டர் புரோகிராம்களையும் பாதுகாக்கிறது, ஃபொன்ட் கோப்பும் ஒரு மென்பொருள்தானே. அதை விடுங்கள், லேபல் ஒட்டிய போத்தல் கனடாவில் கடைத் தட்டில் அல்லவா நிற்கிறது!

அந்தக் கொம்பனிக்கு எழுதினேன், மரியாதையாகவே பதில் போட்டார்கள். என் கொம்பியூட்டரில் போட்டு வேலை செய்ய டெஸ்க்டொப் லைசன்ஸ், லோகோவுக்கு அதைவிடக் கூடின ஒன்று, இணையத்தளத்தில் ஏற்றியதற்கு வெப் லைசன்ஸ் தனியாக வேண்டுமாம். எல்லா இடத்திலும் இப்படியில்லை, சிலரிடம் சாதாரண டெஸ்க்டொப் லைசன்ஸிலேயே லோகோ அடங்கிவிடும், வாசித்துத்தான் பார்க்க வேண்டும். அடோபிச் சந்தாவோடு ஃபொன்ட்களும் வருகிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவற்றில் லேபலும் லோகோவும் செய்யலாம், ஃபொன்ட் கோப்பைக் கிளையன்ட் கையில் கொடுக்க முடியாது.

தளத்தில் எழுத்தைக் கட்டமரனுக்கு மாற்றிவிட்டேன். மற்ற இரண்டு லைசன்ஸுக்கும் 210 டொலர் என் கையிலிருந்து போனது, முதலாளியிடம் ஒரு சதம் கேட்கவில்லை. அவர் அடுத்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார், அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

விற்றவர்களிடம் காசைத் திருப்பிக் கேட்டேன். மெசேஜைப் பார்த்துவிட்டு என்னை புளொக் செய்துவிட்டார்கள். போன கிழமை அதே கலெக்‌ஷன் வேறொரு பக்கத்தில் 2,990 ரூபாய்க்கு வந்திருக்கிறது, படம்கூட அதேதான். கீழே யாரோ பில் தருவீர்களா என்று கேட்டிருந்தார். "ஓம் அண்ணா."